பெயர் ஒன்று, பொருள் வேறு: தமிழ், கன்னட இலக்கியக் கலைச்சொற்கள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

இலக்கியக் கலைச்சொற்களுக்குப் பொருள் வரையும் முயற்சி தமிழில் நெடிய மரபுடையது. இலக்கண நூல்களும் அவற்றின் உரைகளும் அப்பணியைத் தொடங்கின. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி அதனைத் தொகுத்தளித்தது. அதன்பின் திறனாய்வுக் கலைச்சொற்களுக்கெனத் தனித் தொகுப்புகளும் தோன்றின. பிற்காலத் தொகுப்புகள் பலவற்றின் அடிப்படை எளியது: ஒரு சொல்லுக்கு ஒரு வரையறை, பிறமொழிச் சொல் ஒன்றுக்கு ஒரு நிகர்ச்சொல். தேர்வுக்குப் படிப்போர்க்கு இம்முறை பயன்படலாம். ஆய்வாளர்க்கு இது போதுமா என்பதே வினா.

ஒரு கலைச்சொல்லின் பொருள் அதன் வரையறையில் மட்டும் அடங்குவதன்று. அச்சொல் எந்த இலக்கண அமைப்பில், எச்சொற்களுக்கு இடையே நிற்கிறது என்பதும், பின்னாளைய வழக்கில் எத்திசையில் நகர்ந்தது என்பதும் அப்பொருளின் கூறுகளே. இக்கருத்தைச் சோதித்தறியத் தக்க களம் பெங்களூர். இங்குத் தமிழ் பயிலும் மாணவர் வகுப்பறையில் தமிழ் அணியிலக்கணத்தைக் கற்கிறார். வெளியே கன்னடத்தைக் கேட்கிறார். பலர் பள்ளியில் கன்னடச் செய்யுளும் பயின்றவர். ஒரே வடசொல் இரு மொழிகளிலும் இரு வேறு பொருளோடு அவரை வந்தடைகிறது. அவருடைய ஐயங்களைப் பிழைகள் என்று ஒதுக்குவதைவிட, அவை எழும் காரணத்தை ஆராய்தல் ஒப்பாய்வுக்கு வளம் சேர்க்கும். இக்கட்டுரை சில கலைச்சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு அப்பணியைச் செய்ய முயல்கிறது.

1. தண்டியின் இரு வழித்தோன்றல்கள்

காஞ்சிப் பல்லவர் காலத்தோடு தொடர்புபடுத்தப்பெறும் தண்டியின் காவியாதர்சம் வடமொழி எல்லையைக் கடந்து பரவிய நூல். சிங்களத்தில் சியபஸ்லகர இதன் வழிவந்தது. திபெத்திய மொழியிலும் இது பெயர்க்கப்பெற்றது. கன்னடத்தில் ஏறத்தாழக் கி.பி. 850இல் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் அவையில் எழுந்த கவிராஜமார்க்கமும், தமிழில் 12ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் தண்டியலங்காரமும் காவியாதர்சத்தை முதலாகக் கொண்டவை. கவிராஜமார்க்கத்தை கே.பி. பாடக் பதிப்பித்து 1898இல் பெங்களூரில் வெளியிட்டார். இந்நகரின் சாலை ஒன்று இன்றும் நிருபதுங்கன் பெயரைத் தாங்கியுள்ளது.

இரு நூல்களும் ஒரே முதனூலைக் கையாண்ட முறை வேறு. தண்டியலங்காரப் பொருளணியியல் கூறும் அணிகள் 35. அவற்றின் வரிசையும் காவியாதர்ச வரிசையே. பெயர்களைப் பொறுத்தவரை ஏறத்தாழப் பாதி, தமிழாக்கம் பெற்றுள்ளன. தன்மை, பின்வருநிலை, முன்னவிலக்கு, வேற்றுப்பொருள் வைப்பு, ஒட்டு, தற்குறிப்பேற்றம், நிரனிறை, தன்மேம்பாட்டுரை, ஒப்புமைக் கூட்டம், புணர்நிலை என்பன அத்தகையன. விபாவனை, இலேசம், சமாகிதம், உதாத்தம், அவநுதி, நிதரிசனம், பாவிகம் முதலியன ஒலி மட்டும் திரிந்த வடசொற்கள். கன்னட நூல் அணிப்பெயர்களைப் பெரும்பாலும் வடசொற்களாகவே வைத்துக்கொண்டது.

இதனை மட்டும் கண்டு, தமிழ் தன்மயமாக்கியது, கன்னடம் அப்படியே ஏற்றது என்று முடிவு கூறுவது எளிது. அது பாதி உண்மையே. தண்டி கூறும் வைதருப்பம், கௌடம் என்னும் இரு நெறிகளை நோக்குக. இவை நாட்டுப்பெயரால் அமைந்தவை. தண்டியலங்காரம் இப்பெயர்களை அவ்வாறே கொண்டு, செறிவு, தெளிவு முதலிய பத்துக் குணங்களைத் தமிழ்ப்பெயரால் கூறுகிறது. ஆயின் இந்நெறிகள் தமிழ்நிலத்தில் எப்பகுதிக்கு உரியன என்னும் வினாவை எழுப்பவில்லை. கவிராஜமார்க்கமோ மார்க்கம் என்னும் சொல்லை மாற்றாமலேயே அதன் நிலத்தை மாற்றியது. வடமார்க்கம், தென்மார்க்கம் என்னும் பாகுபாட்டைக் கன்னட நாட்டுக்குள்ளேயே அது அமைத்தது. காவிரி முதல் கோதாவரி வரை என அந்நாட்டுக்கு எல்லையும் கூறியது. கன்னடச் சொல்லையும் வடசொல்லையும் தொகையாக இணைப்பதிலுள்ள குறையைப் பேசியது. பெதண்டெ, சத்தாணம் என்னும் கன்னடச் செய்யுள் வகைகளுக்கு இடம் தந்தது.

ஆகவே, தமிழ் பெயரைப் பெயர்த்தது. கன்னடம் பொருளின் நிலைக்களத்தைப் பெயர்த்தது. ஒரு கலைச்சொல் தன்மொழிக்கு உரியதாயிற்றா என்பதை அச்சொல்லின் தோற்றத்தைக் கொண்டு அறுதியிட இயலாது என்பதற்கு இதுவே முதற்சான்று.

2. எதுகை, பிராசம், யதி

கன்னடப் பிராசத்துக்கு எதுகை என்றும், எதுகைக்குப் பிராசம் என்றும் நிகர் தருவது வழக்கம். மேலோட்டமாக இது பொருந்துவதே. கன்னடச் செய்யுளில் அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவருதலே பிராசம். நாகவர்மன் 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயற்றிய சந்தோம்புதி, முதலெழுத்தின் அளவு, இரண்டாம் எழுத்தின் இயல்பு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு பிராசத்துக்குச் சிங்கம், யானை, எருது, ஆடு, சரபம், குதிரை எனப் பொருள்படும் ஆறு பெயர்களைத் தருகிறது. முதலெழுத்து அளவொத்து நிற்க இரண்டாம் எழுத்து ஒன்றுதல் என்னும் தமிழ் விதியோடு இதற்குள்ள உறவு வெளிப்படை. வடமொழி அனுப்பிராசத்தில் இத்தகைய இடவரையறை இல்லை. எனவே பெயர் வடமொழியது, செய்தி தென்மொழியது என்று கூறுதல் தகும்.

ஆயினும் எதுகையும் பிராசமும் முற்றும் ஒன்றல்ல. எதுகை தமிழில் தனித்து நிற்பதில்லை. மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை என்னும் தொடைகளுள் ஒன்றாக நிற்கிறது. அடிகளுக்கு இடையே மட்டுமன்றி ஓரடியின் சீர்களுக்கு இடையேயும் இணை, பொழிப்பு, ஒரூஉ, கூழை, மேற்கதுவாய், கீழ்க்கதுவாய், முற்று என விரிகிறது. கன்னடப் பிராசம் அடிகளை இணைக்கும் கட்டாய விதி. தமிழில் எதுகையின்றி மோனையால் நடக்கும் செய்யுள் உண்டு. பழங்கன்னடச் செய்யுளில் பிராசம் தவறுதல் குற்றம். ஒன்று பலவற்றுள் ஒரு தெரிவு. மற்றொன்று விலக்கற்ற கடமை. மஞ்சேசுவரம் கோவிந்த பை 1911இல் பிராசத்தைக் கைவிட்டது கன்னட இலக்கிய வரலாற்றில் ஒரு திருப்பமாகப் போற்றப்பெறுவதன் காரணம் இதனால் விளங்கும். அச்செய்தியை 'எதுகையைக் கைவிட்டார்' என்று மட்டும் தமிழில் எழுதினால், ஒரு தொடையைத் தவிர்த்ததில் என்ன புரட்சி என்று தமிழ் மாணவர் வினவுவார். அவர் வினா முறையானதே.

இரண்டும் இலக்கண நூல்களில் வைக்கப்பெற்ற இடமும் கருதத்தக்கது. கவிராஜமார்க்கம் பிராசத்தைச் சொல்லணிப் பகுதியில் பேசுகிறது. தண்டியலங்காரச் சொல்லணியியலோ மடக்கு, சித்திரகவி ஆகியவற்றை விரிக்கிறது. எதுகைக்கு அங்கு இடமில்லை. தமிழில் அது ஏற்கெனவே யாப்புக்கு உரியதாயிருந்தமையால் அணிநூலார் அதனைத் தொடவில்லை எனக் கருதலாம்.

யதி என்னும் சொல் இதனினும் சிக்கலானது. வடமொழியிலும் கன்னடத்திலும் யதி என்பது அடிக்குள் நிகழும் நிறுத்தம். கண்டப்பிராசத்தின் சிறப்பை நாடிய கன்னடக் கவிஞர் யதியைப் பொருட்படுத்தவில்லை என்பது கவிராஜமார்க்கக் கருத்து. தெலுங்கிலோ யதி என்பது அடியின் முதலெழுத்தோடு குறித்த இடத்து எழுத்து ஒன்றுதல். அதாவது தமிழ் மோனைக்கு அணுக்கமானது. கருநாடக இசை நூல்கள் யதியை மோனை எனவும் பிராசத்தை எதுகை எனவும் விளக்குவது தெலுங்கு வழக்கைத் தழுவியே. பெங்களூரில் இசை கற்கும் தமிழ் மாணவர், தெலுங்குக் கீர்த்தனையில் யதி என்றால் மோனை என அறிகிறார். அவரே கன்னட யாப்பியல் நூலில் யதி மீறலைப் பற்றிப் படிக்கும்போது, கன்னடக் கவிஞர் மோனையைப் புறக்கணித்தனர் என்று பொருள்கொள்வார். அவ்வாறு எழுதப்பெறும் ஒப்பாய்வு, இல்லாத ஒரு வேறுபாட்டை நிறுவியதாகவே முடியும்.

3. தற்குறிப்பேற்றமும் உத்பிரேட்சையும்

இயல்பாக நிகழும் நிகழ்ச்சியின்மீது கவிஞன் தன் குறிப்பை ஏற்றிக் கூறுவது தற்குறிப்பேற்றம். வடமொழி உத்பிரேட்சையின் தமிழாக்கம் இது. கன்னட இலக்கண நூல்களில் உத்பிரேட்சை இப்பொருளிலேயே வழங்குகிறது. ஆனால் இன்றைய கன்னடப் பேச்சிலும் செய்தித்தாள்களிலும் அச்சொல்லுக்கு மிகைப்படுத்திக் கூறுதல் என்பதே பொருள். உள்ளதைப் பெருக்கிச் சொல்பவரை உத்பிரேட்சை செய்கிறார் என்பர்.

இந்நகர்வு இலக்கிய வாசிப்பைத் தாக்குமிடத்தை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். கோவலனும் கண்ணகியும் மதுரையை அணுகுகையில் மதிற்கொடிகள் காற்றில் அசைவதை, உள்ளே வரவேண்டா என்று கைகாட்டுவதாக இளங்கோவடிகள் அமைத்தார். தற்குறிப்பேற்றத்துக்கு ஆசிரியர்கள் முதலில் கூறும் சான்று இது. இதனை உத்பிரேட்சை என்று மட்டும் பெயர்த்துரைத்தால், கன்னட வழக்கில் தோய்ந்த மாணவர் இங்கு மிகை எங்கே என்று தேடுவார். உண்மையில் இங்கு எதுவும் பெருக்கப்பெறவில்லை. கொடி, கொடி அசையும் அளவுக்கே அசைகிறது. காற்றும் காற்றாகவே உள்ளது. மாறியது அசைவின் காரணம் ஒன்றே. நிகழ்ச்சியின் அளவு மாறாமையால்தான் அவலம் ஆழம் பெறுகிறது: எச்சரிக்கை கண்முன்னே இருந்தும், அது கொடியின் இயல்பான அசைவாகவே கோவலனுக்குத் தோன்றியிருக்கும். மிகை என்னும் பொருளை இங்கு நுழைத்தால் இந்நயம் அழிந்துபோகும்.

இதன் மறுபக்கமும் உண்டு. தண்டியலங்காரம் மிகைபடக் கூறுதலை அதிசயம் என்றது. இன்றைய தமிழில் அதிசயம் வியப்பைக் குறிப்பதாயிற்று. அதனால் பாடநூல்கள் உயர்வு நவிற்சி என்னும் பெயரை விரும்பின. தன்மையணியும் இயல்பு நவிற்சியாக வழங்குகிறது. தமிழில் பொருள் நகர்ந்தபோது பெயர் மாற்றப்பெற்றது. கன்னடத்தில் பெயர் நிற்க, ஏட்டுப்பொருளும் பேச்சுப்பொருளும் அருகருகே வாழ்கின்றன.

4. தொனி, வியங்கியம், இறைச்சி

ஆனந்தவர்த்தனர் 9ஆம் நூற்றாண்டில் காசுமீரத்தில் தொனிக் கொள்கையை நிறுவினார். அதே நூற்றாண்டின் கவிராஜமார்க்கம் தொனியை ஓர் அணியாகக் குறிப்பிடுவது வியப்புக்குரியது. காவியத்தின் உயிர் என்று ஒரு நூல் போற்றிய பொருள், மற்றொன்றில் அணிகளுள் ஒன்றாக அமைகிறது. சொல் ஒன்றாயினும் கோட்பாட்டில் அதன் தகுதி ஒன்றன்று.

இன்றைய வழக்கில் இச்சொல் மேலும் பிரிந்துவிட்டது. கன்னடத்தில் த்வனி என்பது ஓசை, குரல் ஆகியவற்றைக் குறிக்கும் அன்றாடச் சொல். ஒலிபெருக்கிக்கு அங்கு த்வனிவர்தக என்று பெயர். தமிழில் தொனி என்பது பேச்சில் வெளிப்படும் மனப்பாங்கைக் குறிக்கிறது: 'ஏளனத் தொனி', 'கண்டிப்பான தொனி' என்கிறோம். தமிழ்த் திறனாய்வாளர் ஒருவர் 'இக்கவிதையின் தொனி' என்று எழுதும்போது, அவர் கருதுவது குறிப்புப்பொருளையா, கவிஞரின் குரற்பாங்கையா என்பது தெளிவாவதில்லை. ஒரே கட்டுரையில் இரு பொருளும் மாறிமாறி வருவதும் உண்டு.

வியங்கியம் என்னும் சொல்லின் நிலையும் இதுவே. வடமொழிக் கவிதையியலில் அது குறிப்பாற் பெறப்படும் பொருள். இன்றைய கன்னடத்தில் அது குத்தலான பேச்சு. கேலிச்சித்திரத்துக்கு வ்யங்க்யசித்ர என்பதே பெயர். மறைத்துக் கூறல் என்னும் பரந்த பொருளிலிருந்து மறைத்துக் குத்தல் என்னும் குறுகிய பொருளுக்கு அச்சொல் வந்துள்ளது.

இங்குத் தமிழாய்வாளர் செய்யும் மற்றொரு சமன்பாடும் மறு ஆய்வுக்குரியது. தொனியே இறைச்சி, தொனியே உள்ளுறை என்று கூறித் தொல்காப்பியத்தின் தொன்மையை நிலைநாட்ட முனைவோர் உளர். உள்ளுறை உவமம் தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலைக்களமாகக் கொண்டது. திணையமைப்பின்றி அதற்கு வாழ்வில்லை. தொனியோ எச்சொல்லிலும் எத்தொடரிலும் நிகழத்தக்க பொதுவான பொருளாற்றல். இரண்டையும் ஒன்றாக்கினால் தொல்காப்பியத்தின் சிறப்பு கூடுவதில்லை, குறைகிறது. நிலமும் பொழுதும் கருவும் கூடிப் பொருளுரைக்கும் அமைப்பு வேறு எக்கவிதையியலுக்கும் எளிதில் வாய்க்காதது. அதனைப் பொதுக்கோட்பாடு ஒன்றின் முன்னோடியாகச் சுருக்குதல் நம் உடைமையை நாமே குறைத்து மதிப்பிடுதலாகும்.

5. புகழாப்புகழ்ச்சியும் முரணும்

ஒருமொழிக்குள்ளேயே சொல்லின் எல்லை மாறுவதற்கு வஞ்சப்புகழ்ச்சி சான்று. கயவர் தாம் விரும்பியவாறே ஒழுகுவதால் தேவரை ஒப்பர் என்னும் குறளை இவ்வணிக்குப் பாடநூல்கள் காட்டும். புகழ்வதுபோலப் பழித்தல் இது. பாடநூல்கள் பழிப்பதுபோலப் புகழ்தலையும் இதன்கண் அடக்குகின்றன. ஆனால் தண்டியலங்காரம் கூறும் புகழாப்புகழ்ச்சி, பழிப்பதுபோல மேன்மை தோன்றக் கூறுதல் மட்டுமே. தண்டியின் வரையறையும் அவ்வாறே. புகழ்வதுபோலப் பழித்தலை, இலேச அணியின்கண் சிலர் கொள்வர் என்னும் முறையில் தண்டியலங்காரம் வைக்கிறது. மம்மடர் முதலிய பிற்கால வடநூலார் இருவழியையும் ஒரே அணியில் அடக்கினர். பாடநூல் வழக்கு அவர்களோடு ஒத்துள்ளது. ஆகவே 'தண்டியலங்காரம் கூறும் வஞ்சப்புகழ்ச்சி' என்று மேற்படி குறளைச் சுட்டி எழுதுவது பொருந்தாது.

அக்குறளையே தொல்காப்பிய நெறியில் நோக்கினால் பழிகரப்பு அங்கதத்தோடு வைத்து எண்ணலாம். மேலைத் திறனாய்வு நெறியில் நோக்குவோர் முரண்நகை என்பர். மூன்றும் ஒரே குறளுக்குப் பொருந்தினும் மூன்றும் ஒன்றல்ல. வஞ்சப்புகழ்ச்சி கூற்றின் வடிவைச் சுட்டுகிறது. அங்கதம் கூற்றின் நோக்கத்தைச் சுட்டுகிறது. முரண்நகை சொன்னதற்கும் கருதியதற்கும் உள்ள இடைவெளியைச் சுட்டுகிறது. எதனைக் காண விரும்புகிறோமோ அதற்குரிய சொல்லை எடுத்தாள வேண்டும்.

முரண் என்னும் சொல்லின்மீது நாம் ஏற்றியுள்ள சுமை மிகுதி. தொடை வகையுள் அது ஒன்று. விரோத அணியின் பெயராகவும் வழங்குகிறது. நாடகத்திலும் புனைகதையிலும் மாந்தரிடை மோதலைக் குறிக்கிறது. முரண்நகை, முரணுரை என்னும் புதிய தொகைகளிலும் இடம்பெறுகிறது. அடைமொழியின்றி 'இக்கதையில் முரண் சிறப்பாக அமைந்துள்ளது' என்று எழுதப்பெறும் தொடர் எதனையும் கூறவில்லை என்பதே உண்மை.

6. படிமம்: பிரிந்து சேர்ந்த சொல்

மேற்கண்டவை ஒரே பெயர் வேறு பொருளை அடைந்தமைக்குச் சான்றுகள். இதற்கு எதிரான நிகழ்வும் உண்டு. புலனுக்குக் காட்சியாகும் சொல்லோவியத்தைக் குறிக்கத் தமிழ்த் திறனாய்வு படிமம் என்னும் சொல்லைத் தேர்ந்தது. கன்னடத் திறனாய்வு பிரதிமெ என்னும் சொல்லைத் தேர்ந்தது. இரண்டும் முன்பு திருவுருவத்தைக் குறித்தவை. படிமம் என்பது பிரதிமா என்னும் வடசொல்லின் பாகத வழித் திரிபு என்பது சொல்லாய்வாளர் பலர் கருத்து. 'படி' என்னும் தமிழடியாகக் கொள்வாரும் உளர். முன்னையோர் கருத்தை ஏற்பின், அண்டை மொழிகள் இரண்டும் புதியதொரு தேவைக்கு ஒரே வேரையே நாடியுள்ளன. பழைய சொல்லின் உருவப்பொருள் புதிய பொருளுக்குத் தடையாகாமல் துணைசெய்ததே இரண்டும் நிலைபெற்றமைக்குக் காரணம் எனலாம்.

தொகுப்புரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன சில. பெயர் ஒப்புமை பொருள் ஒப்புமைக்குச் சான்றாகாது. பொருள் ஒத்தவிடத்தும், அமைப்பில் அச்சொல்லுக்குரிய இடமும் ஒத்துள்ளதா என்று காணல் வேண்டும். ஏட்டு வழக்கையும் பேச்சு வழக்கையும் பிரித்தறிதல் வேண்டும்.

எனவே, இனித் தொகுக்கப்பெறும் இலக்கியக் கலைச்சொல் அகராதி ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு செய்திகளையேனும் தருதல் நலம்: சொல் முதலில் ஆளப்பெற்ற நூலும் பொருளும், அந்நூலின் பாகுபாட்டில் அதன் இடம், இன்றைய வழக்கில் அதன் நிலை, அண்டை மொழிகளில் அதே சொல் பெற்ற பொருள். 1915இல் பெங்களூரில் தோன்றிய கன்னட சாகித்திய பரிசத்து எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட கன்னடப் பேரகராதியும் தமிழ்ப் பேரகராதியும் இப்பணிக்கு அருகருகே வைத்துப் பயிலத்தக்கவை. நான்காவது செய்தியைத் தருவதற்கு இருமொழிச் சூழலில் வாழும் தமிழாசிரியரும் மாணவரும் பிறரினும் தகுதியுடையவர். யதி என்றால் மோனையா, நிறுத்தமா என்று வகுப்பில் ஒரு மாணவர் ஐயுறும்போது, ஒரு வரியில் விடைகூறி அமர்த்தாமல், எம்மொழியில், எந்நூலில் என்று அவரைத் திருப்பிக் கேட்கும் பயிற்சியே அத்தகைய அகராதியின் தொடக்கமாகும்.